குடும்பப் பெயர் இல்லாதவர்களின் குடும்ப வரலாறு

தாத்தாவைத் தேடிக் கொடுக்கிற தொழிலில் ஒரு சங்கடம் உண்டு: கிடைக்காவிட்டால் வந்தவர் நம்மைத் திட்டுவார், கிடைத்துவிட்டால் தாத்தாவைத் திட்டுவார்.

இந்தத் தொழிலுக்கு நான் படித்துவிட்டு வரவில்லை. என் படிப்பெல்லாம் நோட்டீஸ். கொச்சியில் தெருக் கூட்டிக் குப்பை அள்ளுகிற தமிழர்களுக்காக நோட்டீஸ் எழுதி, அதை நானே சுவரில் ஒட்டி, அதே சுவருக்குக் கீழே போலீஸ்காரர்களிடம் அடி வாங்கியவன். தமிழிலும் மலையாளத்திலும் முழக்கம் எழுத அந்தக் காலத்தில் என்னை விட்டால் ஆள் கிடையாது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுதுவதுதான் வழக்கம். நான் பெருமைக்காகத்தான் சொல்கிறேன். தொண்ணூறுகளில் சங்கம் என்னை வெளியே அனுப்பியது. நானாகவே விலகிவிட்டதாக அவர்கள் ஒரு நோட்டீஸ் போட்டார்கள். 'விலகினார்' என்பதில்கூட எழுத்துப் பிழை. நான் உள்ளே இருந்திருந்தால் அந்தப் பிழையை விட்டிருக்க மாட்டேன்.

பிறகு மட்டாஞ்சேரி பஜாருக்குப் பின்னால், ஒரு கொப்பரைக் கிடங்கை ஒட்டினாற்போல, ஸீனத் என்ற டைப்பிஸ்டோடு கூட்டுச் சேர்ந்து டி.டி.பி. கடை வைத்தேன். கல்யாணப் பத்திரிகை, மரண அறிவிப்பு, மனு. ஸீனத் மலையாளி. எங்கள் தெருப் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்தவள் என்பதால் தமிழும் பேசுவாள். என்னைக் கேலிக்காகவே 'சகாவே' என்று கூப்பிடுவாள். மலையாளத்தில் தோழரே என்று அர்த்தம். இரண்டாயிரம் பிறந்த சமயத்தில் கடைக்கு இன்டர்நெட் வந்தது. மற்றவர்கள் வளைகுடாவில் இருக்கிற மகனுக்கு ஈமெயில் அனுப்ப வந்தார்கள். எங்கள் ஆட்கள் செத்துப்போன தாத்தாவைத் தேடி வந்தார்கள். ஏன் என்று கீழே வருகிறது. தாத்தாவின் பெயரை ஆங்கிலத்தில் ஐந்தாறு விதமாகத் தட்டிப் பார்த்து, எல்லாவற்றுக்கும் 'ஒன்றும் கிடைக்கவில்லை' என்று பதில் வாங்கியவர் யாராவது இதைப் படித்துக்கொண்டிருந்தால், வாருங்கள், நாமெல்லாம் ஒரே சங்கம்.

ஸ்டார் போட்ட கட்டம்

செல்வராஜ் துணி தேய்க்கிறவர். எங்கள் சந்து முனையில்தான் அவர் வண்டி. அவருடைய தாத்தாவின் தம்பி மலேயாவுக்குப் போனவர் திரும்பவே இல்லை. அவர் வழியில் யாராவது அங்கே இருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும் என்றார். வம்சாவளி தேடித் தரும் ஒரு வெளிநாட்டு வலைத்தளத்தைத் திறந்தேன். முதல் கட்டத்தில் பெயர் கேட்டது. இரண்டாவது கட்டத்தில் குடும்பப் பெயர் கேட்டது. பக்கத்தில் ஒரு சிவப்பு ஸ்டார். ஸ்டார் போட்ட கட்டத்தை நிரப்பாமல் அது மேலே விடாது. நமக்கு ஏது குடும்பப் பெயர்? அப்பா பெயரின் முதல் எழுத்தைத் தூக்கி முன்னால் வைத்துக்கொள்வதோடு நம் வம்சப் பெருமை முடிகிறது. சரி போகட்டும் என்று ஒவ்வொருவருக்கும் அவரவர் அப்பா பெயரையே குடும்பப் பெயராகப் போட்டேன்.

கம்ப்யூட்டர் வெகுநேரம் யோசித்துவிட்டு ஒரு வம்ச மரம் வரைந்தது. மரமா அது? தனித்தனியாக நட்ட கம்பங்கள். செல்வராஜ் ஒரு குடும்பம். அவர் அப்பா இன்னொரு குடும்பம். தாத்தா மூன்றாவது குடும்பம். கூடப்பிறந்த அண்ணன் தம்பிகளை மட்டும் ஒன்றாக நிற்க விட்டிருந்தது. மற்றவர்களுக்குள் உறவு எதுவும் தெரியவில்லை என்று கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி. நான் அதைத் தமிழில் சொன்னேன். பெரியப்பா மக்களோடு வீட்டுத் தகராறில் எர்ணாகுளம் கோர்ட்டுக்கு அலைந்துகொண்டிருந்த செல்வராஜின் முகம் மலர்ந்துவிட்டது.

"தங்கவேலண்ணே, இதை அப்படியே ஒரு காப்பி எடுத்துக் குடுங்க. எங்க வக்கீல் இவ்வளவு நாளா இதைத்தான் சொல்லத் தெரியாம முழிச்சுக்கிட்டு இருக்காரு."

ஐம்பதுக்கு முன்னால்

செல்வராஜுக்கு அது பொழுதுபோக்கு. பேச்சியம்மாளுக்கு அப்படியில்லை. பேச்சி கார்ப்பரேஷனில் துப்புரவுத் தொழிலாளி. நான் நடத்திய ஊர்வலங்களில் கொடி பிடித்தவள். அவள் மகள் பிந்து பிளஸ் டூவில் எங்கள் தெருவே பேசுகிற மாதிரி மார்க் வாங்கியிருந்தாள். ஒதுக்கீட்டில் நர்சிங் சீட் நிச்சயம். ஒன்றே ஒன்றுதான் குறை, சாதிச் சான்றிதழ். வில்லேஜ் ஆபீசில், நீங்கள் தமிழ்நாட்டுக்காரர்கள், இங்கே தர முடியாது என்றார்கள். ஐம்பதாம் வருஷத்துக்கு முன்பே உங்கள் குடும்பம் இங்கே இருந்தது என்று காட்டினால் மட்டும்தான் தருவார்களாம். எங்கள் தெருவில் ஒவ்வொரு ஜூன் மாதமும் ஏதாவது ஒரு வீட்டில் இந்த அழுகை கேட்கும். மழையும் இதுவும் சேர்ந்தே வரும்.

பேச்சியின் மாமனார் முனியாண்டி வெள்ளைக்காரன் காலத்திலேயே ஃபோர்ட் கொச்சியில் தெருக் கூட்டியவர். இது தெருவுக்கே தெரியும். ஆனால் தெரு சொல்வது சாட்சி ஆகாது. எல்லோரும் ஒரே கூட்டம், ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வீர்கள் என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள். முனியாண்டிக்கு நிலம் கிடையாது, பள்ளிக்கூடம் கிடையாது, அவர் குடியிருந்த குடிசை கார்ப்பரேஷன் கக்கூஸ் கட்டுவதற்காக இடிக்கப்பட்டது. அட்மிஷன் முடிவதற்குள் அவரைக் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்துவிடலாம் என்று நான் சொன்னேன். ஊர்வலத்திலும் நான் அப்படித்தான் சொல்வேன், பேச்சிக்கு அது தெரியும். அவர் விட்டுவிட்டுப் போனது ஏதாவது வீட்டில் இருக்கிறதா, போட்டோ, காகிதம், எதுவானாலும் சரி என்று கேட்டேன்.

"அவரு கூட்டுன தெரு இருக்கு, தலைவரே. சுருட்டி எடுத்துட்டு வரவா?"

கல்லில் பெயர் உள்ளவர்கள்

அந்த வாரமே ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு வெள்ளைக்கார அம்மாள் கடைக்குள் நுழைந்தாள். அவளுடைய பாட்டனுக்குப் பாட்டன் யாரோ ஃபோர்ட் கொச்சியில் செத்தவராம். ஒரு முகவரியை எழுதிக் கொடுத்து, இந்த வலைத்தளத்தைத் திற என்றாள். திறந்தேன். நம் ஊர்க் கல்லறைத் தோட்டங்களில் உள்ள கல்வெட்டுகளையெல்லாம் யாரோ ஒருவர் உட்கார்ந்து படித்து, வரிசையாக எழுதிப் போட்டிருந்தார். பாட்டன் உடனே கிடைத்துவிட்டார். பிறந்த ஊர், வந்த கப்பல், எந்தக் காய்ச்சலில் போனார், அழுத மனைவியின் பெயர் என்ன, எல்லாம். அம்மாள் அச்சடித்த காகிதத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். எனக்கு வயிறு எரிந்தது. அவர் காய்ச்சலில் போவதற்கு முன்பு அந்த வீட்டுக் கக்கூஸைச் சுத்தம் செய்தவன் யார் என்று கல்லில் இல்லை.

என் முகத்தைப் பார்த்து என்ன நினைத்தாளோ, போகும்போது ஒரு உபகாரம் செய்தாள். கொச்சியிலிருந்து கப்பலேறிப் போன ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் பழைய கதைகளைப் பேசிக்கொள்வதற்கென்றே இன்டர்நெட்டில் ஒரு குழு இருக்கிறது, அங்கே யாரைப் பற்றி வேண்டுமானாலும் கேட்கலாம் என்று அதன் பெயரை எழுதிக் கொடுத்தாள். நான் அதை வேண்டாவெறுப்பாக வாங்கி வைத்தேன். வெள்ளைக்காரனுடைய பாட்டனுக்குக் கிடைக்கிற மரியாதை நம் பாட்டனுக்கு ஏன் இல்லை என்று ஸீனத்திடம் பொரிந்து தள்ளினேன். அவள் மரண அறிவிப்பு ஒன்றைத் தட்டிக்கொண்டே, தலையைத் திருப்பாமல் சொன்னாள்:

"அவங்களுக்குக் கல்லுண்டு, சகாவே. நம்ம ஆளுக்கு மண்ணு மாத்ரம். மண்ணை எப்படி ஸ்கேன் பண்றது?"

மெட்ராஸ்காரர்கள்

முதலில் நான் அந்தக் குழுவுக்குப் போகவில்லை. எனக்கு என் வழி இருந்தது. வெளிநாட்டு நூலகம் ஒன்று பழைய அரசாங்கப் புத்தகங்களை ஸ்கேன் செய்து இன்டர்நெட்டில் போட்டிருந்தது. எல்லோரும் கொச்சி ராஜ்யத்துப் புத்தகங்களில் தேடி ஏமாந்துபோவார்கள். எனக்குத் தெரியும், மட்டாஞ்சேரிதான் ராஜாவுடையது. ஃபோர்ட் கொச்சி பிரிட்டிஷ்காரனுடையது, மெட்ராஸ் மாகாணத்தில் சேர்ந்தது. நடந்து போகிற தூரத்தில் இரண்டு அரசாங்கம். ஆகவே மெட்ராஸ் புத்தகத்தைத் திறந்தேன். ஒவ்வொரு பக்கமும் திறப்பதற்குள் ஒரு சாயா குடித்துவிட்டு வரலாம். கடைசியில் கிடைத்தது: ஃபோர்ட் கொச்சி முனிசிபாலிட்டியில் தமிழ்த் தொழிலாளர்கள் தெருக் கூட்டுகிறார்கள் என்று ஒரு வரி. பெயர் இல்லை. ஆனாலும் நான் விடுவேனா? அச்சடித்து, கோடு போட்டு, பேச்சியையும் அழைத்துக்கொண்டு வில்லேஜ் ஆபீசுக்குப் போனேன்.

வில்லேஜ் ஆபீசருக்கு என்னை நன்றாகத் தெரியும். அவர் ஜன்னலுக்கு வெளியே நான் போட்ட முழக்கங்கள் கொஞ்சமா? அவர் காகிதத்தை மேலிருந்து படித்தார். "ஆஹா, இதில மெட்ராஸ்னு அச்சடிச்சிருக்கே. நீங்க தமிழ்நாட்டுக்காரங்கன்னு நீங்களே தெளிவு, சாட்சி, கொண்டு வந்திருக்கீங்க" என்றார். நான் பொறுமையாக இரண்டு அரசாங்கக் கதையைச் சொன்னேன். அவர் நம்பவில்லை. "சாறே, உங்க அப்பூப்பனோட தறவாடு எங்கே?" என்று அவர் தாத்தாவின் பூர்வீக வீட்டைக் கேட்டேன். ஃபோர்ட் கொச்சி என்றார். "அப்போ உங்க அப்பூப்பனும் மெட்ராஸ்காரர்தான்" என்றேன். பக்கத்து மேசைக்காரர்கள் சிரித்துவிட்டார்கள். ஆபீசரும் சிரித்தார். பிறகு காகிதத்தை என் பக்கம் தள்ளினார். இதில் ஆள் பெயர் இல்லை, முனியாண்டியைத் தன் கண்ணால் பார்த்தேன் என்று சொல்ல உங்கள் தெருவுக்கு வெளியே ஒருத்தர் வேண்டும், அதுவும் சீக்கிரம் வேண்டும் என்றார். எங்களை வாசல்வரை போகவிட்டுத்தான் மிச்சத்தைச் சொன்னார்:

"தங்கவேலு, எங்க அப்பூப்பன் மெட்ராஸ்காரரா இருக்கட்டும். அவருக்கு சர்ட்டிபிகேட் கேட்டு நான் யார் மேசைக்கும் போக வேண்டி வரலையே."

தோழர்களே என்று தொடங்கினால்

தெருவுக்கு வெளியே, அந்தக் காலத்தில் முனியாண்டியைப் பார்த்த ஆள். அப்படி யாராவது உயிரோடு இருந்தால் அந்த ஆஸ்திரேலியக்காரி சொன்ன குழுவில்தான் இருக்க முடியும். உட்கார்ந்தேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் ஒரு அறிக்கை எழுதினேன். 'தோழர்களே! உங்கள் மாளிகைகளின் மலத்தைத் தலையில் சுமந்த வர்க்கத்தின் வாரிசு இன்று நியாயம் கேட்டு நிற்கிறது' என்று தொடக்கம். நடுவில் காலனி ஆட்சி, நிலப்பிரபுத்துவம், கடைசியில் முனியாண்டி. முழக்கங்களுக்கு ஆச்சரியக்குறி போட்டே கீபோர்டில் அந்த விசை தேய்ந்திருக்கும். நல்ல அறிக்கை. இன்றைக்கும் சொல்கிறேன், நல்ல அறிக்கை.

மறுநாள் அது அங்கே இல்லை. இது குடும்ப வரலாறு பேசும் இடம், அரசியலுக்கு வேறு இடம் பாருங்கள் என்று குழுவை நடத்துகிறவர் பணிவாக ஒரு கடிதம் அனுப்பியிருந்தார். இதைவிடப் பெரிய இடங்களிலிருந்து வெளியேற்றப்பட்டவன் நான், ஆனால் இவ்வளவு மரியாதையாக யாரும் வெளியேற்றியதில்லை. பேச்சி பெஞ்சில் உட்கார்ந்து எங்கள் முகத்தையே மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஸீனத் என்னை எழுப்பிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். 'சுதந்திரத்துக்கு முன்னால் ஃபோர்ட் கொச்சியில் தெருக் கூட்டிய முனியாண்டி என்பவரை யாருக்காவது நினைவிருக்கிறதா? அவருடைய பேத்தி நர்ஸ் ஆவதற்கு அவரைத் தெரிந்த ஒருவர் வேண்டும்' என்று எழுதினாள். அவ்வளவுதான். இதில் போராட்டமே இல்லையே என்றேன்.

"அவங்களுக்கு நாணம் வர வேண்டாம், சகாவே. ஓர்ம வந்தா மதி. ஞாபகம் வந்தாப் போதும்!"

செல்வராஜுக்குக் கிடைத்த தாத்தா

பதில்கள் வந்தன. முனியாண்டியைத் தெரியாது, ஆனால் பிள்ளைக்கு வாழ்த்துகள் என்று பலர். எங்கள் வீட்டுச் சமையல்காரர் பெயர் அந்தோணி, அவர் உதவுவாரா என்று ஒருவர். பெர்த் நகரத்திலிருந்து டோரத்தி என்ற வயதான பெண்மணி கொஞ்சம் நீளமாக எழுதியிருந்தார். அவருடைய அப்பா ஃபோர்ட் கொச்சி முனிசிபாலிட்டியில் சுகாதார இன்ஸ்பெக்டராக இருந்தவராம். 'முனியாண்டி என்று யாரையும் எனக்குத் தெரியாது. எங்கள் தெருவுக்கு வந்தவர் வெளுப்பான்' என்று தொடங்கியிருந்தார். நான் அதற்கு மேல் படிக்கவில்லை. வெளுப்பான் என்றால் துணி வெளுக்கிறவர். தமிழ் தெரிந்த யாருக்கும் இதில் சந்தேகம் வராது. பேச்சிக்கு ஆகாது. ஆனால் செல்வராஜுக்கு ஆகுமே! அவருடைய தாத்தாவும் ஃபோர்ட் கொச்சியில் துணி வெளுத்தவர்தான். ஓடிப்போய்க் கூப்பிட்டேன். செல்வராஜ் தேய்ப்புப் பெட்டியை அப்படியே வைத்துவிட்டு வந்தார். திரையில் அந்தப் பெயரைத் தொட்டுப் பார்த்தார். கண் கலங்கியது. கடையில் இருந்த எல்லோருக்கும் சாயாவும் பழம்பொரியும் வாங்கிவரச் சொன்னார்.

பழம்பொரி தீரும் நேரத்தில் ஸீனத் சாப்பிட்டுவிட்டு வந்தாள். என்ன விசேஷம் என்று கேட்டுவிட்டு, நான் படிக்காமல் விட்டதையும் சேர்த்துப் படித்தாள். படித்ததும் தலையில் அடித்துக்கொண்டாள். "சகாவே, அலக்குகாரனுமில்லை, துணி வெளுக்கறவனுமில்லை. மலையாளத்தில வெளுப்பான்காலம்னா விடியக்காலம். சூரியன் வர்றதுக்கு முன்னாடி வந்து, ஆள் எழும்பறதுக்கு முன்னாடி போயிடணும்னு இந்த மனுஷனுக்கு உத்தரவு. அதனால வெளுப்பான். பேர் கேட்க யாரும் முழிச்சிருக்கலை!" விடியற்காலையில் வந்துபோகிறவருக்கு விடியற்காலை என்றே பெயர். நான் தமிழில் படித்துவிட்டேன். இரண்டு மொழியிலும் நோட்டீஸ் எழுதியவன் நான். அந்தச் சந்தில் யாரும் அன்று அதை எனக்கு ஞாபகப்படுத்தவில்லை என்பது அவர்களுடைய நல்ல குணம். செல்வராஜ் கடைசிப் பழம்பொரியைப் பேச்சிக்கென்று எடுத்து வைத்தார்.

"அரை மணி நேரம் எனக்குத் தாத்தாவா இருந்தாரு. பரவால்ல, பேச்சியக்காவே வச்சுக்கட்டும்."

மாமியாரின் திட்டு

இப்போது ஒரே கேள்வி, இந்த வெளுப்பான் அந்த முனியாண்டிதானா? அந்தக் காலத்தில் தெருக் கூட்டியவர்கள் பலர் இருந்திருப்பார்கள். பேச்சி சாயங்காலம் வேலை முடிந்து, யூனிபார்மோடு வந்தாள். பிந்துவும் கூட வந்தாள். நான் எதையும் முன்கூட்டிச் சொல்லாமல், வெளுப்பான் என்று யாரையாவது கேள்விப்பட்டிருக்கிறாயா என்று மட்டும் கேட்டேன். பேச்சி முதலில் முறைத்தாள். நான் அவள் வீட்டுக்காரரைக் கிண்டல் செய்கிறேன் என்று நினைத்துவிட்டாள். இல்லை, காரியமாகத்தான் கேட்கிறேன் என்றதும், வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினாள். சிரித்து முடிக்கவே வெகுநேரம் ஆயிற்று.

"எங்க மாமியார் கோவம் வந்தா எங்க வீட்டுக்காரரை 'வெளுப்பான் மவனே'ன்னுதான் வைவாங்க. அந்த மனுஷன் அட்டக் கருப்பா இருக்கறதைக் குத்திக் காட்டறாங்கன்னு இவ்வளவு காலமும் நெனச்சுட்டேன், தலைவரே!"

ஸ்பீக்கரில் வந்த சாட்சி

டோரத்தி அம்மாள் எழுதியதை அச்சடித்து எடுத்துப் போனோம், மாமியாரின் திட்டைப் பேச்சியே ஆபீசரிடம் சொன்னாள். வில்லேஜ் ஆபீசர் படித்துவிட்டு, ஈமெயிலை யார் வேண்டுமானாலும் எழுதலாம், நீயே எழுதியிருக்கலாம் என்றார். நான் எழுதியிருந்தால் 'தோழர்களே' என்று தொடங்கியிருக்கும் என்றேன். அந்த அம்மாள் குரலைக் கேட்டால் நம்புவீர்களா என்று கேட்டேன். அட்மிஷன் முடிய நாளில்லை. அவர் பேச்சியைப் பார்த்தார், பிந்துவைப் பார்த்தார், மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் கடைக்கு வருகிறேன் என்றார். சொன்னபடி வந்தார். அதற்காக அவரை மெச்சுகிறேன். ஊர்வலம் போய்க் கூப்பிட்டபோது ஜன்னலுக்கு வந்ததில்லை.

ஸீனத் இன்டர்நெட் வழியாகவே பெர்த்துக்கு இணைப்பு போட்டாள். ஹெட்போன் வேண்டாம், எல்லோரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரைத் திருப்பி வைத்தேன். கரகரவென்று ஒரு குரல் வந்தது. ஆயாவிடம் கற்ற மலையாளம்; இத்தனை வருஷம் பெட்டியில் வைத்து எடுத்த மாதிரி இருந்தது. ஆபீசர் அவரை மேடம் என்றார். அந்த அம்மாள் மகனைக் கூப்பிடுகிற மாதிரி அவரை மோனே என்றார். தெருக் குழாய் எந்தப் பக்கம், பெரிய மழைமரம் எங்கே என்று ஆபீசர் கேட்டார். அம்மாள் சரியாகச் சொன்னார். நீங்கள் எப்போது ஊரை விட்டீர்கள் என்றார் ஆபீசர். சுதந்திரம் வந்த மறு வருஷம் கப்பலேறினோம், அன்றைக்கு விடியற்காலையிலும் வெளுப்பான்தான் வாசலைக் கூட்டினார் என்றார் அம்மாள். பேச்சி என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆபீசர் காகிதத்தில் ஏதோ எழுதிவிட்டு, கடைசியாக ஒன்று கேட்டார். தெருக் கூட்டுகிறவர்கள் எல்லோரும் ஒரே ஜாதி என்று எழுத முடியாது, இந்த ஆள் இன்ன ஜாதி என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?

லைன் போய்விட்டது என்று ஸீனத் மவுஸைத் தொட்டாள். அப்புறம் குரல் வந்தது. "மோனே, தெரு மூலையில ஒரு சாயாக்கடை. எல்லாருக்கும் கிளாஸ். வெளுப்பானுக்கு ஒரு தேங்காய்ச் சிரட்டை. வெளிச்சுவர்ல ஆணி அடிச்சு அதைத் தொங்கவிட்டிருப்பாங்க. அவர் அதை எடுத்து நீட்டுவார், மேலேருந்து ஊத்துவாங்க. எங்க அனியன், சின்னத் தம்பி, ஒருநாள் அந்தச் சிரட்டையை விளையாட எடுத்துட்டு வந்தான். அம்மா அவன் கையைச் சோப்புப் போட்டுத் தேய்ச்ச தேய்ப்பில ரத்தம் வந்துடுச்சு. எனக்கு வெளுப்பான் முகம் சரியா ஓர்மையில்லை. சிரட்டை ஓர்மையிருக்கு."

ஆபீசர் பேனாவை மூடினார். அந்த அம்மாள் இதையெல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தபாலில் அனுப்பட்டும், அதுவரை காத்திருக்க வேண்டாம், இன்றைக்கே என் ரிப்போர்ட்டைத் தாலூக் ஆபீசுக்கு அனுப்புகிறேன் என்றார். "மதி, தங்கவேலு. சிரட்டையில சாயா குடுத்திருக்காங்கன்னா ஜாதியும் தெளிஞ்சுது, காலமும் தெளிஞ்சுது" என்று எழுந்தார். அவர் கெட்டவர் இல்லை. சொன்னது என்ன என்று அவருக்கே தெரிந்திருக்காது. இதுவரை வாய் திறக்காத பிந்து வாசலில் அவரை மறித்தாள்.

"சாறே, அந்தச் சாயாக்கடைக்காரரோட ஜாதியும் ரிப்போர்ட்ல எழுதுவீங்களா?"

சான்றிதழ் அட்மிஷன் முடிவதற்குள் வந்துவிட்டது, பிந்து இப்போது நர்ஸ். அதிலிருந்து, தாத்தாவைத் தேடிக்கொண்டு யார் வந்தாலும் அவர் பெயரை நான் பிறகுதான் கேட்கிறேன். அவரை எந்தெந்த வாசலுக்கு வெளியே நிறுத்தினார்கள் என்று தெரிந்துகொண்டால், உலகத்தில் அவரை மறக்க முடியாமல் உட்கார்ந்திருப்பவர்களைக் கம்ப்யூட்டர் சுலபமாகக் கண்டுபிடித்துவிடுகிறது.